டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங்: தொடங்கும் முன் எழும் கேள்விகள்

என் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரை முதன்முதலாகப் பார்த்த அம்மா கேட்டது, "இதுல மீன் எப்போடா விடப்போற?" என்றுதான். அதற்குப் பிறகு வந்த நண்பர்கள் கொஞ்சம் விவரமாகக் கேட்டார்கள். இரண்டு ஏஐஓ (தண்ணீர் நிரப்பி மூடியே வரும் கூலர்), ஒரு கஸ்டம் லூப் (பாகங்களை வாங்கி நாமே கட்டும் சுற்று), ஒரு சின்ன ஒழுகல் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் இருப்பது சென்னையில். அதனால் எல்லாக் கணக்கிலும் நம்மூர் வெயில் எட்டிப் பார்க்கும்.

தண்ணீர் அங்கே என்ன வேலை செய்கிறது?

சுமை தூக்குகிறது. ப்ராசஸரில் பிறக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் அகலமான வேறோர் இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. பைக் ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்ப்ளெண்டர் இன்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும், எதிர்க்காற்று பட்டு அது ஆறும். டியூக் 390 வண்டியில் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரேடியேட்டர் இருக்கும், கூலன்ட் இன்ஜினுக்கும் அதற்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரிலும் இதே இரண்டு வழிகள்தான்.

ஒரே கொள்ளளவு எடுத்துக்கொண்டால், காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். ஆனால் கடைசியில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது அறைக்காற்றுதான். டீக்கடைக்காரர் டீயைத் தூக்கி ஆற்றும்போது அதைக் காற்றில் நீளமாக விரிக்கிறாரே, ரேடியேட்டர் செய்வதும் அதுதான். மெல்லிய குழாய்களிலும் தகடுகளிலும் சூட்டை விரித்து வைக்கிறது, ஃபேன் அதை ஊதித் தள்ளுகிறது.

அப்படியென்றால் ஏசி போலக் குளிர்ந்துவிடுமா?

ஆகாது. இந்தத் துறையில் முதலில் கழற்றிப் போடவேண்டிய நினைப்பு இது.

மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தண்ணீர் என்றாலே குளிர்ச்சி என்று தோன்றிவிடுகிறது. பானை வெளிக்காற்றைவிடக் குளிர்வதற்குக் காரணம் வேறு. அதன் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டருக்குள் இருப்பது மூடிய சுற்று, அங்கே ஆவியாக இடமில்லை. அதனால் உங்கள் அறை 34 டிகிரி என்றால், லூப்பில் உள்ள தண்ணீர் என்ன செய்தாலும் 34-க்குக் கீழே இறங்காது. வேலை செய்யும்போது அதைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலேயே இருக்கும். குளிர்ந்த நாட்டிலிருந்து வரும் வீடியோக்களில் காட்டும் வெப்பநிலைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்களுடைய அறை 21 டிகிரியில் இருக்கும். அந்தப் பதின்மூன்று டிகிரி வித்தியாசம் அப்படியே நம் தலையில் விழும்.

எனக்கு இது தேவையா?

நிறையப் பேருக்குத் தேவையில்லை. 65 வாட் ப்ராசஸருக்கு ஏஐஓ மாட்டுவது கொசு அடிக்கக் கோடாலி தூக்குவது. விளையாட்டுக்கென்றே பலரும் வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி கூட விளையாடும்போது நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். ப்ராசஸர் மேல் மாட்டும் இரட்டைக் கோபுர ஏர் கூலர் (தகடுகளும் ஃபேனும் மட்டும், தண்ணீர் இல்லை) ஒன்று போதும், அதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான். ஃபேன் கெட்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

தண்ணீர் அர்த்தமுள்ளதாக ஆகும் இடங்கள் சில உண்டு. இன்டெல் ஐ9 14900கே போன்றவை 253 வாட் வரை இழுக்கும். அதில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கு 360 ஏஐஓ (மூன்று 120 மி.மீ. ஃபேன் நீள ரேடியேட்டர் கொண்டது) நியாயமான செலவு. 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கிராஃபிக்ஸ் கார்டைச் சத்தமில்லாமல் ஓட்டவேண்டும் என்றாலும் தண்ணீர் கைகொடுக்கும். சின்ன கேபினட்டில் உயரமான ஏர் கூலர் நுழையாவிட்டால் வேறு வழியில்லை.

இவற்றையெல்லாம்விட உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது: ஆசை. கையால் ஒன்றைக் கட்டி முடித்து, தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. அதில் தப்பே இல்லை. ஆனால் வேகம் கூடும் என்று உங்களுக்கு நீங்களே பொய் சொல்லிக்கொண்டு பணம் போடாதீர்கள். ஏற்கெனவே சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ப்ராசஸர் என்றால் பலன் தெரியும். மற்றபடி வித்தியாசம் சத்தத்தில்தான் தெரியும்.

இது புது விஷயமா?

இல்லை. ஐபிஎம் 1960-களிலேயே பெரிய கம்ப்யூட்டர்களைத் தண்ணீர் கொண்டு குளிர்வித்தது. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகள் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்கியே இருந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரில் 1990-களின் கடைசியில் ஓவர்கிளாக் பித்து, அதாவது ப்ராசஸரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் பித்துப் பிடித்தவர்கள் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் மீன்தொட்டி பம்பையும் வைத்துத் தாங்களே கட்டினார்கள். அம்மா கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. ஆப்பிள்கூட 2004-இல் பவர் மேக் ஜி5 ஒன்றில் திரவக் குளிர்விப்பு வைத்து விற்றது. டென்மார்க்கின் அசெடெக் தயாரித்து, கோர்சேர் 2009-இல் எச்50 என்ற பெயரில் விற்ற ஏஐஓ போன்றவை வந்த பிறகுதான் இது சாதாரணக் கடைச் சரக்கானது.

ஏஐஓ, கஸ்டம் லூப்: எதில் தொடங்குவது?

ஏஐஓ என்பது தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடி வரும் ஒரே பொட்டலம். பம்ப் பெரும்பாலும் ப்ராசஸர் மேல் உட்காரும் பகுதியிலேயே இருக்கும். நீங்கள் திருகு முடுக்குவதோடு வேலை முடிந்தது. கஸ்டம் லூப் என்றால் பம்ப், ரேடியேட்டர், பிளாக் (சிப் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகக் கட்டி), ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), டியூப் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நீங்களே இணைத்து, நிரப்பி, காவல் காக்கவேண்டும்.

ப்ராசஸரை மட்டும் குளிர்விக்க ஏஐஓ போதும். அதற்காக மட்டும் கஸ்டம் லூப் கட்டினால் கிடைக்கும் கூடுதல் பலன் சில டிகிரிகள்தான், செலவோ நான்கைந்து மடங்கு. கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்கும்போதுதான் கஸ்டம் லூப் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.

ஏஐஓவுக்கு ஆயுள் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருடம் ஓடினால் நல்ல ஓட்டம். மறுபடி நிரப்பும் வழி பெரும்பாலானவற்றில் இல்லை.

ஏஐஓவை எந்தப் பக்கம் மாட்டுவது?

கேபினட்டின் கூரையில். இடம் இல்லையென்றால் முன்பக்கம், அப்போது ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரமாக இருக்கவேண்டும். அடித்தளத்தில் மட்டும் வேண்டாம்.

காரணம் காற்றுக்குமிழி. எந்த ஏஐஓவிலும் கொஞ்சம் காற்று இருக்கும், வருடம் போகப்போக அது கூடும். காற்று எப்போதும் உச்சிக்குத்தான் போகும். ரேடியேட்டர் கீழே இருந்தால் உச்சி என்பது பம்ப். தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடைந்துகொண்டு, களகளவென்று சத்தம் போட்டு, பம்ப் சீக்கிரம் செத்துப்போகும். முன்பக்கம் மாட்டும்போது டியூப் கீழ்முனையிலிருந்து வருமாறு திருப்பி வைத்தால் சத்தம் குறையும், டியூப் நீளம் எட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்க மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

கஸ்டம் லூப்புக்கு என்னென்ன வாங்கவேண்டும்?

சிபியு பிளாக், கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதே மாடலுக்கென்று செய்த பிளாக், பம்ப், ரிசர்வாயர், ரேடியேட்டர், அதற்கு ஃபேன், டியூப், ஃபிட்டிங் (டியூப்பை மற்ற பாகங்களோடு இணைக்கும் திருகு முனை), கூலன்ட். பம்பும் ரிசர்வாயரும் ஒன்றாகச் சேர்ந்த காம்போ வாங்கினால் இரண்டு இணைப்பு மிச்சம். பம்பில் டி5 என்ற வகையை நம்பி வாங்கலாம், பல கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டு விற்பது அதைத்தான். பல வருடம் சத்தமில்லாமல் ஓடும்.

திருகு அளவுக்குப் பயப்படவேண்டாம், இந்தத் துறை முழுக்க ஜி1/4 என்ற ஒரே மரைதான். கவனிக்கவேண்டியது டியூப் அளவு. 10/16 என்றால் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ. ஃபிட்டிங்கும் அதே 10/16 ஆக இருக்கவேண்டும். 10/13 ஃபிட்டிங்கில் 10/16 டியூப் ஏறாது. கணக்குப் போட்டதைவிட இரண்டு ஃபிட்டிங் கூடுதலாக வாங்குங்கள். ஏஐஓ எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 45 டிகிரி கோணத்தில் வளைந்த ஒரு ஃபிட்டிங் இல்லாமல் வேலை நின்றுபோனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஓடிப்போய் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஆறு நாள் காத்திருந்தேன்.

ரேடியேட்டர் எவ்வளவு பெரிது வேண்டும்?

ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது, 120 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கு 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரி அளவுக்கு மேலே நிற்கும் என்ற அனுமானத்தில் போடும் கைக்கணக்கு இது. ப்ராசஸர் 200, கார்டு 350 என்றால் மொத்தம் 550 வாட். ஐந்தாறு ஃபேன் அளவுக்கு ரேடியேட்டர் தேவை: ஒரு 360-உம் ஒரு 240-உம், அல்லது இரண்டு 360. ஃபேனை வேகமாக ஓட்டினால் சின்ன ரேடியேட்டரிலும் சமாளிக்கலாம். ஆனால் அமைதிக்காகத்தானே இத்தனை பாடு?

மே மாதத்து அறை 34 டிகிரி என்றால் இந்த லூப்பில் தண்ணீர் 45-ஐ ஒட்டி நிற்கும். கார்டு அதற்குமேல் பத்துப் பதினைந்து கூட்டி 55 முதல் 60 வரை காட்டும். ப்ராசஸர் 75, 80 என்று போகும். இதெல்லாம் ஆரோக்கியமான எண்கள்தான்.

பம்ப் தாங்கும் வெப்பநிலையைப் பெட்டியில் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் தண்ணீருக்கு 60 டிகிரிதான் எல்லை. குளிர் நாட்டுக்காரருக்கு அந்த எல்லைவரை நாற்பது டிகிரி இடைவெளி இருக்கிறது, கத்திரி வெயிலில் நமக்கு இருப்பது இருபத்தைந்துதான். அதனால் அவர்கள் சொல்லும் அளவைவிட ஒரு சுற்றுப் பெரிய ரேடியேட்டரை எடுங்கள். பிளாக் மின்னவேண்டும் என்று விலை உயர்ந்ததை வாங்கி ரேடியேட்டரில் சிக்கனம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வாங்கும் முன் அளவு நாடாவை எடுத்துக் கேபினட்டை அளந்துவிடுங்கள். ரேடியேட்டர் கனம் 30 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., சேர்ந்து 55. கூரையில் அந்த 55 மி.மீ. ரேம் மீது இடிக்கும் கேபினட்டுகள் நிறைய.

தண்ணீர் முதலில் ப்ராசஸருக்குப் போகவேண்டுமா, கார்டுக்கா?

எது முதலில் என்றாலும் சரி. நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓடும் லூப்பில் 550 வாட் சூடு ஏற்றினாலும், ஒரு சுற்றுக்குத் தண்ணீர் சூடாவது இரண்டே டிகிரி. டியூப் அழகாகவும் குட்டையாகவும் எப்படி வருகிறதோ அப்படி இணையுங்கள். மீறக்கூடாத விதி ஒன்றே ஒன்று: ரிசர்வாயர் பம்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். பம்ப் ஒரு நொடிகூட வறண்டு ஓடக்கூடாது, உள்ளே உராய்வுக்கு எண்ணெய் போல இருப்பதே அந்தத் தண்ணீர்தான்.

அலுமினியம் ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

செம்பு பிளாக்கோடு சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்து ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம். சில மாதத்தில் வெள்ளைக் களிம்பு பிளாக்கின் நுண்ணிய வரிகளை அடைக்கும், அப்புறம் ரேடியேட்டர் துளைவிடும். செம்பு, பித்தளை, நிக்கல் பூசியவை மட்டும் போதும்.

ஏஐஓவில் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் சேர்ந்துதானே இருக்கின்றன என்று கேட்கலாம். உண்மைதான். அதற்குள் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவம் இருக்கிறது, மூடி முத்திரை இட்டு வருகிறது. அதனால்தான் அதைத் திறந்து வெறும் தண்ணீர் ஊற்றக்கூடாது.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் கூடாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் 900-ஐத் தாண்டியது, கேன் தண்ணீர் 70 காட்டியது. பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் பிளாக்கிலும் படியும், பிளாக்கின் வரிகளோ தலைமுடிப் பருமன்.

இன்வெர்ட்டருக்காக பேட்டரிக் கடையில் விற்கும் ஐந்து லிட்டர் கேனை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் டிஸ்டில்டு வாட்டர் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் உப்பு நீக்கிய தண்ணீர்தான். நல்ல சரக்காக இருந்தால் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யமோ ஒன்றோ காட்டும். நான் வாங்கிய முதல் கேன் 22 காட்டியது, அது இன்வெர்ட்டருக்கே போனது. இரண்டாவது கடையில் கிடைத்ததை ரேடியேட்டர் கழுவ மட்டும் பயன்படுத்தினேன்.

வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பாசி பிடிக்கும். பாசியைக் கொல்லவும் அரிப்பைத் தடுக்கவும் மருந்து கலக்கவேண்டும். முதல் தடவை கட்டுபவர் இந்த வைத்தியத்தில் இறங்காமல், பிசி லூப்புக்கென்றே விற்கும் நிறமற்ற ரெடிமேட் கூலன்ட் ஒரு லிட்டர் வாங்குவது மேல். பால் போல வெளுத்து மின்னும் கூலன்ட்களில் மிதப்பது நுண்துகள். படத்தில் அழகு, ஆறு மாதம் கழித்து பிளாக்கைத் திறந்தால் சேறு. நிறம் ஆசையென்றால் நிறமுள்ள டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். காருக்கான கூலன்டை அப்படியே ஊற்றாதீர்கள், கெட்டியானது, பம்புக்குச் சுமை. குடித்தால் விஷமும்கூட. வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் எந்த கூலன்ட் பாட்டிலையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வளையாத கண்ணாடி போன்ற டியூப் போடலாமா?

முதல் லூப்பில் வேண்டாம். அதை ஹீட் கன்னால் சூடாக்கி வளைக்கவேண்டும், அளவு இரண்டு மி.மீ. தப்பினால் குப்பை. பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் வகை சூட்டில் இளகும் குணமுள்ளது, பம்ப் நின்றுபோய்த் தண்ணீர் அறுபதைத் தாண்டினால் ஃபிட்டிங்கிலிருந்து நழுவ வாய்ப்பு உண்டு. மென்மையான டியூப் கத்தரியால் வெட்டினால் வெட்டுப்படும், தப்பினால் இன்னொரு துண்டு வெட்டலாம். கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப் பார்க்க லாரி ஹோஸ் மாதிரிதான் இருக்கும், ஆனால் மங்காது. தெளிவான பிளாஸ்டிக் டியூப்களைப் போல எண்ணெய்ப் பசையைத் தண்ணீரில் விடவும் விடாது. என் லூப்பில் அதுதான்.

நிரப்புவதும் சோதிப்பதும் எப்படி?

இங்கே அவசரப்படுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள், திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் தொடங்காதீர்கள்.

புது ரேடியேட்டருக்குள், அதைப் பற்றவைத்துச் செய்தபோது தங்கிய அழுக்கு இருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இரண்டு பக்கமும் மூடி, நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். தெளிவாக வரும்வரை. முதல் தடவை வெளியே வருவதைப் பார்த்தால் இந்த வேலையை இனி எப்போதும் தவிர்க்கமாட்டீர்கள்.

ஃபிட்டிங்கைக் கையால் மட்டும் முடுக்குங்கள். தண்ணீரை நிறுத்துவது அதிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தானே தவிர உங்கள் பலம் இல்லை. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன பாகம் விரிசல் விடும்.

எல்லாம் இணைத்த பிறகு, தண்ணீர் ஊற்றும் முன்னால் காற்றால் சோதிக்கலாம். சின்ன கைப்பம்பும் முள் மீட்டரும் சேர்ந்த லீக் டெஸ்டர் கிடைக்கிறது. அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றி அரைமணி நேரம் முள் நகராமல் நின்றால் நிம்மதியாக ஊற்றலாம். வாங்கிவைத்தால் உருப்படியான பொருள்.

அடுத்து, மதர்போர்டு, கார்டு என்று எல்லாவற்றின் பவர் கேபிளையும் கழற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) பம்புக்கு மட்டும் கரண்ட் போகவேண்டும். 24 பின் முனையில் மாட்டும் ரெடிமேட் ஜம்பர் ஒன்று வாங்கினால் மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும். ரிசர்வாயரை நிரப்பி, ஐந்து வினாடி ஓட்டி நிறுத்துங்கள். மட்டம் இறங்கும். மறுபடி நிரப்பி, மறுபடி ஓட்டுங்கள். டியூப் முழுக்கத் தண்ணீர் வரும்வரை இப்படியே. அப்புறம் கேபினட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் பதுங்கிய காற்று களகளவென்று வெளியே வரும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் சுற்றி ஓரிரவு ஓடவிடுங்கள். காலையில் பேப்பர் எல்லாம் உலர்ந்திருந்தால் மற்ற கேபிள்களை மாட்டலாம். நுண்குமிழிகள் முழுக்கப் போக ஒரு வாரம்கூட ஆகும், பயப்படவேண்டாம்.

ஒழுகினால் எல்லாம் போச்சா?

என் ஒழுகல் இப்படித்தான் நடந்தது: ரேடியேட்டர் ஃபிட்டிங் ஒன்றில் ஓ-ரிங் மடங்கியிருப்பதைப் பார்க்காமல் முடுக்கிவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு டிஷ்யூ பேப்பரில் ஒரு ரூபாய் அளவு ஈரம். மதர்போர்டில் கரண்ட் இல்லாததால் துடைத்தேன், ஓ-ரிங்கை மாற்றினேன், தூங்கப்போனேன். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டராக இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்காது.

ஓடும்போது ஒழுகுவதைப் பார்த்தால் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். ஷட் டவுன் கொடுத்துக் காத்திருக்கவேண்டாம். மதர்போர்டில் உள்ள பேட்டரி செல், கார்டு, ரேம் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் உலரவிட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பது பாட்டிலைத் திறந்த அன்றைக்கு உண்மை. உலோகங்களோடு சில வாரம் சுற்றிய பிறகு அந்த நம்பிக்கை வேண்டாம்.

கரண்ட் போனால் ஆபத்தா?

இல்லை. பம்ப் நிற்கும்போது சூடு கொடுக்கும் ப்ராசஸரும் நின்றுவிடுகிறது. ஆபத்து, பம்ப் மட்டும் நின்று மற்றவை ஓடும்போதுதான். அதனால் பம்பின் வேகம் சொல்லும் வயரை மதர்போர்டின் சிபியு ஃபேன் முனையில் மாட்டி, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பக்கம்) எச்சரிக்கையை ஆன் செய்துவையுங்கள்.

ஐஸ் கட்டி போட்டால்? ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால்?

சென்னையில் ஜில் சோடா பாட்டிலை மேசையில் வைத்தால் ஒரு நிமிடத்தில் வியர்க்கிறதல்லவா, உங்கள் பிளாக்கும் டியூப்பும் அதே மாதிரி மதர்போர்டு மேல் வியர்க்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் 25 டிகிரிக்குக் கீழே எதுவும் ஈரமாகிவிடும். ஃப்ரிட்ஜோ, 500 வாட் அடுப்பை உள்ளே வைத்தால் தாங்குகிற மெஷின் இல்லை.

தண்ணீர் மாட்டியும் ப்ராசஸர் 95 டிகிரி காட்டுகிறதே?

ரைசன் 7000 வரிசையின் பெரிய ப்ராசஸர்கள் கனமான வேலையில் 95 டிகிரி தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படிதான் செய்யப்பட்டவை. கூலர் நல்லதாக இருந்தால் எண் குறையாது, அதே 95-இல் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும். சுண்டுவிரல் நகத்தளவு சிலிக்கானிலிருந்து அத்தனை வாட்டும் வெளியே வரவேண்டும், நெரிசல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பயாஸில் ஈகோ மோட் (ப்ராசஸர் இழுக்கும் வாட்டைக் குறைக்கும் செட்டிங்) வைத்தால் வேகத்தில் சின்ன இழப்போடு சூடு மளமளவென்று இறங்கும். செலவும் இல்லை.

பார்க்கவேண்டிய எண் தண்ணீரின் வெப்பநிலைதான். லூப்பில் ஒரு சென்சார் போட்டு, ஃபேன் வேகத்தை அதன்படி ஏறி இறங்கச் செய்யுங்கள். ப்ராசஸரைப் பார்த்து ஓடும் ஃபேன் பிரவுசர் திறந்தாலே அலறும். ஒரு லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் பதறாது. சோதிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள், முதல் ஐந்து நிமிடத்து எண்ணைப் பார்த்து மகிழாமல் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

பராமரிப்பு?

நம்மூரில் முதல் எதிரி தூசி. ஜன்னல் திறந்த அறையில் இரண்டு மாதத்தில் ரேடியேட்டரில் கம்பளி நெய்துவிடும். பெயின்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலன்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு ஒன்று வைத்துக் கட்டியிருந்தால் இது அரைமணி வேலை, இல்லாவிட்டால் பாத்ரூமில் கேபினட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

எவ்வளவு ஆகும்?

தோராயமாகச் சொன்னால், நல்ல ஏர் கூலர் மூவாயிரம் முதல் ஐயாயிரம், நல்ல 360 ஏஐஓ பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும், ப்ராசஸரும் கார்டும் சேர்ந்த கஸ்டம் லூப் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. ஃபிட்டிங்குகளைச் சில்லறைச் செலவு என்று நினைத்துப் பட்ஜெட் போடுகிறவர்கள் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கார்டின் மூல ஹீட்சிங்க்கைக் கழற்றினால் வாரன்டி நிற்குமா என்பதை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய ஹீட்சிங்க், திருகு, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே இருந்த பேட் எதையும் எறியாதீர்கள், ஒருநாள் கார்டை விற்கும்போது தேவைப்படும்.

வீடு மாற்றும்போது லூப்பை என்ன செய்வது?

வடித்துவிடுங்கள். கார் பின்சீட்டில் பெல்ட் போட்டு நீங்களே கொண்டுபோனால் தண்ணீரோடு போகலாம். டெம்போவில் பீரோவோடு ஏற்றுவதாக இருந்தால் கட்டாயம் வடிக்கவேண்டும், கார்டையும் கழற்றித் தனிப்பெட்டியில் வைக்கவேண்டும். புது வீட்டில் மறுபடி நிரப்பி, மறுபடி டிஷ்யூ பேப்பர் சுற்றி, மறுபடி ஓரிரவு.